சிவப்பு விழுந்தால் நம்பும்படி

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் மேனுவல் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்து, இப்போது ஆட்டோமேஷனுக்கு மாறச் சொல்லப்பட்டிருக்கும் தோழர்களுக்கு,

உங்களில் பலருக்கு ஒரே மாதிரியான செய்திதான் வந்திருக்கிறது. அடுத்த காலாண்டுக்குள் ஆட்டோமேஷன் தெரிந்திருக்க வேண்டும், பிரவுசர் டெஸ்ட்டுகள் எல்லாம் கிளவுடுக்குப் போகப் போகின்றன, கற்றுக்கொள்ளாதவர்களுக்கு அடுத்த ப்ராஜெக்ட்டில் இடம் இருக்குமா என்று சொல்ல முடியாது. இதைக் கேட்டதும் பாதிப் பேர் கோர்ஸ் தேடக் கிளம்பிவிட்டீர்கள். மீதிப் பேர், பி.எஸ்ஸி. கணிதமோ பி.காமோ முடித்துவிட்டு வந்த நமக்கு இனிமேல் கோடிங் வருமா என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்கள். இரு தரப்புக்கும் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. கிளவுடில் டெஸ்ட்டை ஓட வைப்பதைச் சில மாலைகளில் கற்றுவிடலாம். அந்த டெஸ்ட் சிவப்பாக விழுந்தால் குழுவில் எல்லோரும் அதை நம்பிக் கையிலிருக்கும் வேலையை நிறுத்தும்படி எழுதுவதுதான் கடினம். அதற்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. இந்த மடல் அதைப் பற்றியது.

இந்தத் துறை எங்கே தொடங்கியது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். 2004-இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் ஊழியர்களின் வேலைநேரத்தையும் செலவுக் கணக்கையும் பதிவு செய்யும் ஓர் உள் பயன்பாட்டுச் செயலியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே பக்கங்களைத் திறந்து அதே பொத்தான்களை அழுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வேலையைக் குறைக்க ஜாவாஸ்கிரிப்டில் அவர் எழுதிய கருவிதான் வளர்ந்து செலினியம் ஆனது. அதே ஹக்கின்ஸ் 2008-இல் இன்னும் இருவரோடு சேர்ந்து சாஸ் லேப்ஸைத் தொடங்கினார். விதவிதமான பிரவுசர்களையும் இயங்குதளங்களையும் ஒவ்வொரு அலுவலகமும் வாங்கி அடுக்கிவைப்பதற்குப் பதில், ஓரிடத்தில் வைத்து இணையம் வழியே வாடகைக்கு விடலாம் என்பது அதன் யோசனை. 2011-இல் ரித்தேஷ் அரோராவும் நகுல் அகர்வாலும் மும்பையில் அதே வகைச் சேவையான பிரவுசர்ஸ்டாக்கைத் தொடங்கினார்கள். செலினியம் பிரவுசரோடு பேசும் முறையான வெப்டிரைவர், 2018 ஜூனில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் அதிகாரபூர்வப் பரிந்துரை ஆயிற்று. 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், செலினியம் போலவே பிரவுசரை இயக்கிச் சோதிக்கும் பிளேரைட்டை வெளியிட்டது. இவற்றின் தொடக்கம், கையால் திரும்பத் திரும்பச் செய்கிற வேலையில் நொந்துபோன ஒருவர் தன் வேலைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. நீங்கள் படும் பாட்டிலிருந்துதான் இவை வந்திருக்கின்றன.

இனி வேலைக்கு வருகிறேன். கிளவுட் என்றதும் உங்கள் லீட் முதலில் ஒரு கட்டணத் தளத்தின் விலைப்பட்டியலைத் திறப்பார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதல் படிக்குக் காசு தேவையில்லை. பிளேரைட்டும், கோடு மாறும்போது டெஸ்ட்டுகளைத் தன் இயந்திரத்தில் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸும் போதும். கிட்ஹப்பின் இலவசக் கணக்கில், வெளியார் பார்க்க முடியாத ரெப்போவுக்கு மாதம் 2,000 நிமிடம் கிடைக்கும். எல்லோரும் பார்க்கத் திறந்துவைத்த ரெப்போவுக்கு அந்த நிமிட வரம்பே இல்லை. ஒரு சிறிய குழு தொடங்க இது தாராளம்.

லேப்டாப்பில் நோட் ஜேஎஸ்ஸை நிறுவி, டெர்மினலில் பிளேரைட்டின் தொடக்கக் கட்டளையைக் கொடுத்தால் அது சில கேள்விகள் கேட்கும். டைப்ஸ்கிரிப்டா ஜாவாஸ்கிரிப்டா, டெஸ்ட்டுகள் எந்த ஃபோல்டரில் இருக்கட்டும், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கு ஒரு கோப்பு சேர்க்கட்டுமா, பிரவுசர்களை இப்போதே இறக்கட்டுமா. மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று சொன்ன அந்த நொடியே உங்கள் கிளவுட் ஏற்பாடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. அது எழுதிக் கொடுக்கும் யாமல் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். யாராவது கோடு மாற்றத்தை மெயின் கிளைக்கு அனுப்பினாலோ, அதில் சேர்க்கக் கேட்டாலோ, கிட்ஹப் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் புதிதாக ஓர் உபுண்டு இயந்திரத்தை எழுப்பும். அதில் நோட் ஜேஎஸ்ஸையும் உங்கள் பேக்கேஜ்களையும் பிரவுசர்களையும் நிறுவி, டெஸ்ட்டுகளை ஓட்டி, அறிக்கையை 30 நாள் வைத்திருக்கும்படி சேமித்துவிட்டு, இயந்திரத்தையே அழித்துவிடும். நேற்று மிச்சமிருந்த குக்கீ, யாரோ திறந்துவிட்டு மூடாத லாகின் எதுவும் அங்கே இருக்காது. இந்தத் தூய்மைக்காகத்தான் கிளவுட் வேண்டும் என்கிறேன். ‘என் மெஷினில் ஓடுகிறதே’ என்று டெவலப்பர் சொன்னால், யார் மெஷினும் இல்லாத ஒரு மெஷினில் ஓடவில்லை என்று காட்டிவிடலாம்.

ஆனால் அந்த மெஷின் தமிழ்நாட்டு மெஷின் இல்லை. முதல் வாரத்தில் நீங்கள் படப்போகும் தொல்லைகள் பலவும் அதிலிருந்துதான் வரும். அதனால் இந்த இடத்தில் சற்று நின்று பேசுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், கைபேசி எண், சமர்ப்பிக்கும் பொத்தான். தேதிக் கட்டத்தில் 15 ஜூன் 2007 என்று தேர்ந்தெடுக்கிறோம். பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் அதை அன்றைய நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொண்டு, சர்வருக்கு அனுப்பும்போது உலகப் பொது நேரத்துக்கு மாற்றுகிறது. இந்தியா 5 மணி 30 நிமிடம் முந்தியிருப்பதால் அது 14 ஜூன் மாலை 6.30 ஆகிவிடும். சர்வர் தேதிப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துச் சேமிக்கிறது. பிள்ளையின் பிறந்தநாள் ஒரு நாள் முன்னே போய்விட்டது. மதிப்பெண் சான்றிதழோடு ஒத்துப்போகாமல் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். இந்தப் பிழையை நம்மூர் லேப்டாப்பில் கையால் சோதித்தவர் உடனே பிடித்துவிடுவார். கிளவுட் இயந்திரத்தின் கடிகாரமோ உலகப் பொது நேரத்திலேயே ஓடுகிறது. அங்கே நள்ளிரவு நள்ளிரவாகவே இருக்கும், தேதி மாறாது, டெஸ்ட் பச்சையாகும். லேப்டாப்பில் விழுகிறது, கிளவுடில் பாஸ் ஆகிறது என்றால் குழுவில் பெரும்பாலானோர் கிளவுடைத்தான் நம்புவார்கள். இங்கே கிளவுட் சொல்வது தவறு. பிளேரைட்டின் கான்ஃபிக் கோப்பில் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று ஒரு வரி சேர்த்தால் அதே டெஸ்ட் கிளவுடிலும் சிவப்பாகும். அந்த ஒரு வரியை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். இரவு தோறும் தானாக ஓட வைக்கும்போதும் கவனம் தேவை. ஆக்‌ஷன்ஸின் கால அட்டவணையில் இரவு 1 மணி என்று நீங்கள் எழுதினால், நமக்குக் காலை 6.30-க்குத்தான் ஓடும்.

அடுத்து எழுத்துரு. விண்டோஸில் நிர்மலா இருக்கிறது, மேக்கில் தமிழ் சங்கம் எம்என் இருக்கிறது. வெறும் லினக்ஸ் இயந்திரத்தில் நல்ல தமிழ் எழுத்துரு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வரக்கூடும். பிரச்சினை அதோடு நிற்பதில்லை. ‘விண்ணப்பம் பெறப்பட்டது’ என்ற வாசகம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், பக்கத்தின் உள்ளே உள்ள எழுத்தைத்தான் படிக்கிறது. திரையில் கட்டமாகத் தெரிந்தாலும் அதற்குப் பச்சைதான். ஸ்கிரீன்ஷாட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் டெஸ்ட்டில் நிலைமை இன்னும் மோசம். முதல் முறை எடுத்த படத்தைத்தான் அது சரியான மாதிரியாக வைத்துக்கொள்ளும். அந்தப் படமே கட்டங்களாக இருந்தால், அதற்குப் பிறகு ஒழுங்காகத் தமிழ் தெரியும் பக்கம்தான் தவறு என்று விழும். எனவே யாமல் கோப்பில் பிரவுசரை நிறுவும் வரிக்கு முன்னால், நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருப் பேக்கேஜை நிறுவும் ஒரு வரி சேருங்கள். ஸ்கிரீன்ஷாட் மாதிரிகளை உங்கள் லேப்டாப்பில் எடுக்காமல் கிளவுட் இயந்திரத்திலேயே எடுங்கள். எழுத்துரு மாறினால் தமிழ்ச் சொற்களின் அகலமும் மாறும். ‘சமர்ப்பிக்கவும்’ ஓரிடத்தில் ஒரே வரியில் நிற்கும், இன்னோரிடத்தில் பொத்தானைவிட்டு வழியும்.

இன்னும் ஒன்று. இந்தியாவுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுத்துவைத்திருக்கும் தளங்கள் உண்டு, அரசுத் துறை வேலைகளில் குறிப்பாக. அப்படிப்பட்ட தளத்தைச் சோதிக்கும்போது முதல் பக்கத்திலேயே எல்லாம் சிவப்பாகக் கொட்டும். ஸ்கிரிப்ட்டைக் குடைந்துகொண்டிருக்காமல், நெட்வொர்க் பார்ப்பவரிடம் போய் அந்த இயந்திரம் உள்ளே வர வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது பெயர்க் கட்டத்துக்கு வருவோம். உங்கள் அனுபவம் எந்தக் கருவியையும்விட விலைமதிப்புள்ளது என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு கட்டமே சாட்சி.

பெயரில் எழுத்துகள் மட்டும் வர வேண்டும் என்று டெவலப்பர் ஒரு விதி எழுதுகிறார். யூனிகோடில் எழுத்து என்று வகைப்படுத்தப்பட்டவை எல்லாம் வரலாம் என்பது விதி. பார்க்க நியாயமாகவே இருக்கும். ஆனால் தமிழின் துணைக்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து என்ற வகையில் வருவதில்லை, குறி என்ற வேறு வகையில் வருகின்றன. அதனால் ‘முருகன்’ என்று தட்டினால் செல்லாத பெயர் என்று திரும்பி வரும். உயிர்மெய்க் குறி எதுவும் இல்லாத ‘அமல’ என்பது மட்டும் உள்ளே போகும். அடுத்தது நீளம். முருகன் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் ஏழு, யூடிஎஃப்-8-இல் சேமித்தால் 21 பைட். பெயருக்கு 30 பைட் போதும் என்று டேட்டாபேஸில் யாரோ முடிவு செய்திருந்தால், சுந்தரமூர்த்தி பாதியில் வெட்டுப்படுவார்.

பிறகு கௌசல்யா. இதையே பலர் ‘கெளசல்யா’ என்று ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு இரண்டு வெவ்வேறு பெண்கள். விண்ணப்பம் போட்டவர் ஒரு விதமாகத் தட்டி, அலுவலகத்தில் தேடுபவர் இன்னொரு விதமாகத் தட்டினால், பதிவே இல்லை என்று பதில் வரும். ‘கொ’ என்பதில் உள்ள சிக்கல் இதைவிட எளிது. ககரம், கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்துச் சேமித்ததையும், ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகச் சேமித்ததையும் யூனிகோடின் இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும். ளகரத்தை அது தொடாது, ஏனென்றால் ளகரம் தனி எழுத்து. இவற்றைப் பெயர்ப் பட்டியலாக ஒரு கோப்பில் எழுதி, ஒரே டெஸ்ட்டை அந்தப் பட்டியல் முழுக்கச் சுற்ற வைப்பது ஆட்டோமேஷனில் மிகச் சுலபமான வேலை. அந்தப் பட்டியலில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தவர் நீங்கள். ‘ச. முருகன்’ என்று முதலெழுத்தும் புள்ளியுமாக வருபவர், கடைசிப் பெயர் என்ற ஒன்றே இல்லாததால் கட்டாயக் கட்டத்தில் மாட்டிக்கொண்டு அப்பா பெயரைப் போடுவதா ஊர்ப் பெயரைப் போடுவதா என்று விழிப்பவர், ‘ஸ்ரீ’யோடு தொடங்குபவர் எல்லோரையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எந்தக் கோர்ஸும் இதைச் சொல்லித் தராது.

இதே கட்டத்தில் கருவி எட்டாத ஓர் இடமும் இருக்கிறது. பிளேரைட் ஒரு கட்டத்தை நிரப்பும்போது முழுப் பெயரையும் ஒரேயடியாக உள்ளே வைத்துவிடும். மாணவியோ கைபேசியில் ஆங்கில எழுத்தில் தட்டி, மேலே வரும் தமிழ்ப் பரிந்துரையைத் தொட்டு மாற்றுகிறாள். ஆண்ட்ராய்டு விசைப்பலகை பெரும்பாலும் எந்த விசைக்கும் 229 என்ற ஒரே எண்ணைத்தான் பக்கத்துக்குத் தெரிவிக்கும். விசை எண்ணைப் பார்த்து வடிகட்டும் கோடு அங்கே குழம்பி, எழுத்தை விழுங்கவோ இரட்டிக்கவோ செய்யும். இதைக் கருவி கண்டுபிடிக்காது. கைபேசியைக் கையில் எடுத்து, நம் மக்கள் தட்டுவதுபோல் தட்டித்தான் பார்க்க வேண்டும். எனவே உங்கள் மேலாளர் எல்லாவற்றையும் ஆட்டோமேட் செய்துவிட்டால் கைச்சோதனை வேண்டாமே என்று கேட்டால், இந்த ஓர் உதாரணத்தை அவர் கைபேசியிலேயே செய்து காட்டுங்கள்.

பக்கத்தில் உள்ள கட்டங்களை டெஸ்ட்டுக்கு எப்படி அடையாளம் காட்டுவது என்பதிலும் ஒரு சொல். ரெக்கார்டர் பதிவு செய்துகொடுப்பதை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது டிவ்வுக்குள் இரண்டாவது இன்புட் என்று எழுதப்பட்ட டெஸ்ட், வடிவமைப்பாளர் ஒரு டிவ்வைச் சேர்த்தாலும் உடையும். ‘பிறந்த தேதி’ என்ற லேபிளை உடைய கட்டம், ‘சமர்ப்பிக்கவும்’ என்ற பெயருள்ள பொத்தான் என்று, மனிதர் சொல்வதுபோல் சொல்லித் தேடுங்கள். அப்படித் தேடி ஒரு கட்டம் கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் அதற்கு லேபிளே இணைக்கப்படவில்லை என்று பொருள். திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கும் அந்தக் கட்டம் என்னவென்று தெரியாது. அதை அங்கேயே பக் என்று பதிவு செய்யுங்கள். எக்ஸ்பாத் எழுதிச் சுற்றிக்கொண்டு போய்விட்டால் டெஸ்ட் ஓடிவிடும், அந்த மாணவர் நின்றுவிடுவார்.

அடுத்து நம்பகம். ஒரே கோடு, ஒரே டெஸ்ட், ஒருமுறை பாஸ், ஒருமுறை ஃபெயில். இதைத்தான் ஃப்ளேக்கி என்கிறோம். 2016-இல் கூகுளின் ஜான் மிக்கோ தங்கள் நிறுவனத்துக் கணக்கை எழுதினார். அங்கே டெஸ்ட் ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படி நிலையில்லாத முடிவைத் தந்தன. டெஸ்ட்டுகளில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு ஏதோ ஓரளவு இந்த நோய் இருந்தது. கூகுளுக்கே அப்படி என்றால் நமக்கு வராமல் இருக்காது. வரும்போது என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. பெரும்பாலான குழுக்களில் நடப்பது, ‘அது அப்படித்தான், ரீ-ரன் கொடு’ என்பது. இரண்டு வாரத்தில் சிவப்பைப் பார்த்தவுடன் ரீ-ரன் அழுத்துவது கைப்பழக்கமாகிவிடும். புலி வருது, புலி வருது என்று கத்திய பையனின் கதைதான். உண்மையான பக் வரும் நாளில் அதையும் ரீ-ரன்னில் தள்ளிவிட்டு ரிலீஸ் போய்விடும்.

ஃப்ளேக்கிக்கு முக்கியக் காரணம், நேரத்தை ஊகித்து எழுதுவது. பொத்தானை அழுத்து, மூன்று விநாடி காத்திரு, முடிவைப் பார். உங்கள் லேப்டாப்பில் மூன்று விநாடி போதும், கிளவுடில் மெஷின் மெதுவாக இருக்கும் ஒரு மதியத்தில் போதாது. ஐந்தாக்குவீர்கள், பிறகு பத்தாக்குவீர்கள், டெஸ்ட் முழுக்கக் காத்திருப்பதிலேயே உங்கள் 2,000 நிமிடம் கரையும். பிளேரைட், அழுத்த வேண்டிய பொத்தான் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று தானே பார்த்துக் காத்திருக்கும். முடிவைச் சரிபார்க்கும் வரியும், எதிர்பார்த்தது வரும்வரை இயல்பாக 5 விநாடி திரும்பத் திரும்பப் பார்க்கும். செலினியத்தில் இதே வேலைக்கு வெளிப்படையான காத்திருப்பு இருக்கிறது. ஸ்லீப் என்ற சொல் உங்கள் ஸ்கிரிப்ட்டில் ஓரிடத்திலும் இருக்கக் கூடாது என்று குழுவில் ஒரு கட்டுப்பாடே வைத்துக்கொள்ளலாம்.

மற்றொரு காரணம், ஒரு டெஸ்ட் விட்டுச்சென்ற தரவில் இன்னொரு டெஸ்ட் காலை வைப்பது. விண்ணப்பம் போடும் டெஸ்ட் உருவாக்கிய எண்ணைத் தேடும் டெஸ்ட் நம்பியிருந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டும் நாளில் தேடும் டெஸ்ட் விழும். ஒவ்வொரு டெஸ்ட்டும் தனக்கு வேண்டிய தரவைத் தானே உருவாக்கிக்கொள்ளட்டும். தொடக்கக் கான்ஃபிக் கோப்பு, கிளவுடில் விழுந்த டெஸ்ட்டை இரண்டு முறை மறுபடி முயலச் சொல்லும். மறுமுயற்சியில் பாஸ் ஆனதை அறிக்கையில் ஃப்ளேக்கி என்று தனியாகக் காட்டிவிட்டு, மொத்த ஓட்டத்தைப் பச்சையாகவே முடிக்கும். அந்தத் தனிப் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள். முதல் மறுமுயற்சியின்போது பதிவாகும் ட்ரேஸ் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு அசைவிலும் பக்கம் எப்படி இருந்தது, எந்த நெட்வொர்க் அழைப்பு தாமதமானது என்று வரிசையாகத் தெரியும். கைச்சோதனையில் பக் ரிப்போர்ட்டுக்குப் படிப்படியாக எழுதிப் பழகியவர்களுக்கு அதைப் படிப்பது சிரமமே இல்லை. காரணம் கண்டுபிடிக்கும்வரை அந்த டெஸ்ட்டை வரிசையிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள். அப்படி வைத்ததை எழுதியும் வையுங்கள்.

கட்டணத் தளம் எப்போது தேவை? உண்மையான சாதனம் வேண்டும்போது. பிளேரைட்டோடு வரும் வெப்கிட், சஃபாரியின் அடிப்படை எஞ்சின்தான், ஆனால் சஃபாரியே அல்ல. இந்தியாவில் விற்கும் ஐபோனில் குரோம் என்ற பெயரில் இருப்பதும் உள்ளுக்குள் வெப்கிட்டில்தான் ஓடுகிறது. ஆகவே ஐபோனில் ஒன்று உடைந்தால் அந்த போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் உடையும். மலிவு ஆண்ட்ராய்டில் நினைவகம் குறைவு, சாம்சங் போனில் சாம்சங்கின் சொந்த பிரவுசர். இவற்றுக்கு பிரவுசர்ஸ்டாக், சாஸ் லேப்ஸ் போன்றவை உண்மைச் சாதனங்களை வாடகைக்குத் தருகின்றன. ஒரே நேரத்தில் எத்தனை ஓட்டலாம் என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் விலை ஏறும். அதனால் எல்லா டெஸ்ட்டையும் எல்லாச் சாதனத்திலும் ஓட்டாதீர்கள். உங்கள் தளத்துக்கு வருபவர்கள் எதில் வருகிறார்கள் என்ற கணக்கை அனலிட்டிக்ஸ் பார்ப்பவரிடம் கேட்டு வாங்கி, முதல் சில சாதனங்களில், உடைந்தால் தாங்க முடியாத பாதைகளை மட்டும் ஓட்டுங்கள்: லாகின், விண்ணப்பம், பணம் கட்டுதல். மீதி எல்லாம் கிட்ஹப்பின் லினக்ஸ் இயந்திரத்திலேயே இருக்கட்டும்.

கட்டணத் தளத்துக்குப் போகும்போது வேறொருவர் கணினிக்குள் நுழைகிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். வெளியாகாத தளத்தைச் சோதிக்க அவர்கள் ஒரு டனல் தருவார்கள். உங்கள் உள் நெட்வொர்க்குக்குள் அவர்கள் இயந்திரம் வர அது வழி திறக்கிறது, பாதுகாப்புக் குழுவிடம் கேட்காமல் திறக்காதீர்கள். கட்டணத் தளத்தின் அணுகல் சாவியை ஸ்கிரிப்ட்டில் எழுதாமல் கிட்ஹப்பின் சீக்ரெட்ஸில் வையுங்கள். டெஸ்ட்டுக்கு உண்மையான மாணவரின் ஆதார் எண்ணையோ கைபேசி எண்ணையோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அங்கே வீடியோவும் ஸ்கிரீன்ஷாட்டும் பதிவாகிச் சேமிக்கப்படுகின்றன, 2023-இல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் தரவு. ஓடிபி-க்கு, சோதனைச் சூழலில் மட்டும் செல்லும் ஒரு நிலையான எண்ணை டெவலப்பரிடம் கேளுங்கள். நிஜத் தளத்தில் அது இயங்கவில்லை என்பதைச் சரிபார்க்க ஒரு டெஸ்ட்டும் எழுதிவிடுங்கள்.

லீட்களும் மேலாளர்களும் இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் எத்தனை ஸ்கிரிப்ட் என்று எண்ணாதீர்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை கிடைக்கும். எக்ஸெல் ஷீட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு ஸ்கிரிப்டாக மாறி, யாரும் பராமரிக்க முடியாத குவியலாகும். அதற்குப் பதில், இந்த மாதம் எத்தனை சிவப்பு உண்மையான பக்காக இருந்தது என்று கேளுங்கள். வேலைநேரத்திலேயே கற்க நேரம் ஒதுக்குங்கள். இரவு வீட்டில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் பெண்கள் இந்தத் துறையில் ஏராளம். அந்தச் சுமை நிறுவனத்தின் கணக்கில் ஏற வேண்டியது.

தோழர்களே, தொடங்கும் நாளில் ஒரே ஒரு டெஸ்ட் போதும். உங்கள் செயலியில் எது உடைந்தால் ஹெல்ப் டெஸ்க்கின் தொலைபேசி ஓயாமல் அடிக்குமோ, அந்தப் பாதையை எடுங்கள். எழுதுங்கள், கிளவுடுக்கு அனுப்புங்கள், பச்சை வரட்டும். வந்ததும் அதோடு விட்டுவிடாதீர்கள். டெவலப்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சமர்ப்பிக்கும் பொத்தானுக்குப் பின்னால் உள்ள அழைப்பை ஒரு தனிக் கிளையில் வேண்டுமென்றே உடைக்கச் சொல்லுங்கள். மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பச்சை வந்தால், அந்த டெஸ்ட் எதையுமே பார்க்கவில்லை. எழுதியதை அழித்துவிட்டு, விண்ணப்ப எண் திரையில் வருகிறதா, அந்த எண்ணில் தேடினால் அதே பெயரும் அதே பிறந்த தேதியும் வருகின்றனவா என்பதிலிருந்து திரும்ப எழுதத் தொடங்குங்கள். சிவப்பு வந்தால் உடைத்ததைச் சரிசெய்துவிட்டு, இரண்டாவது டெஸ்ட்டுக்குப் போகலாம்.

அன்புடன்,
உங்களோடு வேலை பார்க்கும் ஒரு சோதனையாளர்